ஒரு கோடும் இரண்டு புள்ளியும்

பாலவனத்தம்
14-3-1966

அன்புள்ள தம்பி சங்கரபாண்டியனுக்கு, அக்கா தங்கம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் பிள்ளைகளும் ஆண்டவன் புண்ணியத்தில் இருக்கிறோம். உனக்கு வயிற்று வலி நின்றதா, சென்னைச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

நம் ஊரில் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. அடுத்த வீட்டுப் பருத்தித் தரகர் ஐயாத்துரையைப் போன செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கண்மாய்க்கரையில் யாரோ கழுத்தில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கிணற்றுக்குக் குளிக்கப் போன உன் அத்தான்தான் முதலில் பார்த்தது. ஓடிப்போய்த் தலையாரியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து காட்டியதும் அவர்கள்தான்.

பிணத்தின் முகத்தில் ரத்தத்தோடு ஒரு துண்டு கிடந்தது. அதன் மூலையில் சேங்கொட்டைக் குறி. துணி வெளுக்கும் செல்லக்கிளி வீட்டுக்கு வீடு ஒரு குறி போடுவாளே, அதில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும் வீரபத்திரன் வீட்டுக் குறி. ஐயாத்துரையின் பருத்திக் காட்டில் ஆடு இறங்கியதற்காக அவரும் வீரபத்திரனும் மாசி மாதம் கட்டிப் புரண்டது ஊருக்கே தெரியும். மறுநாளே அவனை விலங்கு மாட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். "எனக்கு ஒண்ணுமே தெரியாது சாமி" என்று அவன் சொன்னது எங்கள் கடை வரைக்கும் கேட்டது. அவன் பெண்சாதி வெள்ளைத்தாய் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஜீப்பின் பின்னாலேயே ஓடினாள்.

உன் அத்தானுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். பிணத்தைப் பார்த்த பயம்தான், வேறொன்றும் இல்லை. நீ கவலைப்படாதே.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
அக்கா.


சென்னை
22-3-1966

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கம். வயிற்று வலி போய் இப்போது பல்வலி வந்திருக்கிறது. அத்தானுக்குக் காய்ச்சல் இறங்கியதா? நிலவேம்புக் கஷாயம் கொடு.

உன் கடிதத்தை எங்கள் வக்கீலய்யாவிடம் படித்துக் காட்டினேன். குமாஸ்தா வேலை பார்க்க வந்ததில் இருந்து ஒரு கொலைக்கேஸ் என் சொந்த ஊரில் இருந்து வந்தது இதுதான் முதல் தடவை, எனக்குக் கொஞ்சம் பெருமை கூட. ஐயா கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு துண்டை வைத்து ஆளைத் தூக்கில் போட முடியுமென்றால் சலவைக்காரர்கள்தான் ஜட்ஜாக இருக்க வேண்டும்" என்றார். அவர் கேட்ட கேள்வியை உனக்கும் எழுதுகிறேன். வெட்டிப் போட்டவன் எதற்காக நின்று நிதானமாகச் செத்தவன் முகத்தை மூடிவிட்டுப் போகிறான்? பயந்து ஓடுகிறவன் செய்கிற காரியமா அது?

அத்தான் வந்து பார்த்தபோது துண்டு எப்படிக் கிடந்தது என்று கேட்டு எழுது.

உன் தம்பி,
சங்கரபாண்டியன்.


பாலவனத்தம்
20-4-1966

அன்புள்ள தம்பிக்கு, பல்வலிக்குக் கிராம்பு வைத்துக்கொள். பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதே. ரேஷன் கார்டு எழுதுகிறார்கள் என்று ஒரே அலைச்சல். எழுத வந்தவர் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். நான் வழக்கம் போலக் கடைப் பலகையைக் காட்டினேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் பலகை தெரியவில்லையாம். பெரியவளைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். நீ சிரிப்பாய், தெரியும்.

ஊரில் வேறு பேச்சே இல்லை. அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் டிரைவர் முதற்கொண்டு இதே பேச்சு. வீரபத்திரன் வெட்டியதைப் பார்த்தேன் என்று நல்லகண்ணு சாட்சி சொல்லியிருக்கிறான். அவன் கண்ணில் பூ விழுந்து மூன்று வருஷமாகிறது. "ஏலே, எதிர்ல வாற பஸ்ஸு மேல இடிக்கப் போறப்பத்தான் அவனுக்குத் தெரியும், ரெண்டு பர்லாங்கு தள்ளி நின்ன ஆளு தெரிஞ்சிச்சாக்கும்" என்று டீக்கடையில் ஒருவன் கேட்கிறான். "வெட்டுனவன் மொகத்த மூடிட்டாடா போவான்" என்று இன்னொருவன் கேட்கிறான். வீரபத்திரன் வீட்டில் போலீஸ் எடுத்த அருவாளில் ரத்தமே இல்லையாம். கேஸ் நிற்காது என்று எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போது மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

போலீஸ் எழுதிய மகஜரில் உன் அத்தானைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் போய், நான் வரும்போதே துண்டு முகத்தில் கிடந்தது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். செல்லக்கிளியையும் கூண்டில் ஏற்றிக் குறி யாருடையது என்று கேட்டார்களாம். வீரபத்திரன் வீட்டுக் குறி என்றாளாம். கட்டம் போட்ட பழைய துண்டுதான். வீரபத்திரன் அப்பன் இருளாண்டி தோளில் போட்டுக்கொண்டு திரிவாரே, அது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சும்மாதான் கேட்கிறேன். ஒரு தடவை கையெழுத்துப் போட்டுச் சொன்ன ஆள் பிறகு மாற்றிச் சொன்னால் அவரை என்ன செய்வார்கள்?

அக்கா.


சென்னை
28-4-1966

அன்புள்ள அக்காவுக்கு, நலம். கடைப் பலகை கறுத்துப்போகும் முன் அத்தானுக்குப் புதுப் பலகை எழுதி வைக்கச் சொல், இல்லையென்றால் உனக்கு ரேஷன் கிடைக்காது.

நீ சும்மா கேட்டதற்குச் சும்மா பதில் சொல்கிறேன். சத்தியம் செய்து சொன்னதை மாற்றினால் பொய்ச் சாட்சிக் கேஸ் போடலாம். வருஷக் கணக்கில் உள்ளே இருக்க வேண்டி வரும். யாருக்காகக் கேட்டாய்? நல்லகண்ணுவுக்கு மனசாட்சி உறுத்துகிறதா?

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இருளாண்டி போன தை மாதம் இறந்துவிட்டார் என்று நீதான் எழுதினாய். நம் பக்கத்தில் செத்தவர் துணியை வீட்டில் வைத்துக்கொள்வார்களா? கருமாதியன்று துணி வெளுக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படியென்றால் கொலை நடந்த அன்று அந்தத் துண்டு வீரபத்திரன் வீட்டில் இல்லை, செல்லக்கிளி வீட்டில் இருந்தது. குறி மட்டும்தான் அவன் வீட்டுக் குறி. அக்கா, இது ஒன்று போதும், கேஸ் உடைந்துவிடும். கேஸ் எழுதிய போலீஸ்காரர்கள் டவுன் ஆட்களாக இருப்பார்கள், இந்த வழக்கம் தெரியாது. வக்கீலய்யா என் முதுகில் தட்டினார்.

நீ உடனே செல்லக்கிளியிடம் போய், அந்தத் துண்டை யார் வீட்டுக்குக் கொடுத்தாய் என்று கேள். பதிலை அடுத்த தபாலில் எழுது.

தம்பி.


சென்னை
2-6-1966

அக்காவுக்கு, ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? பிள்ளைகளுக்கு அம்மை கிம்மை போட்டிருக்கிறதா? கேஸை மதுரை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பத்திரிகையில் பார்த்தேன். சாட்சிகள் சொத்தை என்று அருப்புக்கோட்டை வாசகர் ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், கத்தரித்து வைத்திருக்கிறேன். செல்லக்கிளி என்ன சொன்னாள்? இரண்டு வரியாவது எழுது.

தம்பி.


பாலவனத்தம்
11-6-1966

தம்பிக்கு, எல்லாரும் சுகம். யாருக்கும் அம்மை இல்லை. மழை இல்லை, கிணறு வறண்டு கிடக்கிறது.

அந்தக் கேஸைப் பற்றி இனிமேல் எனக்கு எழுதாதே. நம் வேலை எதுவோ அதைப் பார்ப்போம்.

வெள்ளைத்தாய் வேலை கேட்டு வந்தாள். புளி உடைக்கச் சொல்லி உட்கார வைத்தேன். மற்றவர்கள் யாரும் அவளை வாசல் ஏற விடுவதில்லை. கேஸ் நிற்காது என்று டீக்கடையில் பேசுகிறவர்களே, அவள் வந்தால் எழுந்து போய்விடுகிறார்கள். நாள் முழுவதும் தலை குனிந்து புளி உடைத்தாள். போகும்போது, "கேஸு நிக்காதுன்னு எல்லாரும் சொல்றாகளே, அப்ப எதுக்கும்மா அவுகள இன்னும் உள்ள வச்சிருக்காக?" என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நான் செல்லக்கிளியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அக்கா.


சென்னை
20-6-1966

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். இதை வக்கீலய்யாவிடம் காட்டவில்லை.

நம் அப்பா இறந்த அன்று எனக்குப் பதினோரு வயது. கூடத்தில் எல்லாரும் அழுதுகொண்டு நின்றார்கள். அத்தான்தான் முதலில் உள்ளே வந்தார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி அப்பா முகத்தில் போட்டார். "மொகத்துல ஈ உக்காரக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ சாவு பார்த்துவிட்டேன். பாம்பு கடித்துச் செத்த கூலிக்காரனானாலும் சரி, எல்லாரும் தள்ளி நிற்கையில் அத்தான் துண்டு போய் விழும். அவர் மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு அதுவும் ஒரு காரணம்.

வெட்டியவன் முகத்தை மூடிவிட்டுப் போகமாட்டான். மூடியது யார் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் துண்டு அத்தான் தோளுக்கு எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

விசாரணை ஆகஸ்டு எட்டாம் தேதி.

தம்பி.


பாலவனத்தம்
9-7-1966

மாப்பிள்ளை சங்கரபாண்டியனுக்கு, ராஜகுரு எழுதுவது. க்ஷேமம். உங்கள் க்ஷேமத்துக்குக் குறைவிராது என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது. உங்கள் அக்கா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவளை இப்படிச் சோதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கும் ஐயாத்துரைக்கும் நடுச்சுவர்த் தகராறு இருந்தது உங்களுக்குத் தெரியும். அவர் சாவதற்கு எட்டு நாள் முன்னால், "உன்ன மண்ணுல சாய்க்காம விடமாட்டேன்" என்று கடை வாசலில் நின்று கத்தினேன். கோபத்தில் வந்த வார்த்தை. பத்துப் பேர் கேட்டார்கள். துண்டு என் கையில் இருந்து போனது என்று சொன்னால் அடுத்த நிமிஷம் விலங்கு எனக்குத்தான். இன்ஸ்பெக்டர் துண்டை விரித்து இது யாருது என்று கேட்டபோது என் நாக்கு எழவில்லை. "அண்ணாச்சி, நீங்க வரும்போதே மொகத்துல கெடந்துச்சுல்ல?" என்று அவரே கேட்டார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

கேஸ் நிற்காது என்று பத்திரிகை வரைக்கும் எழுதிவிட்டார்கள். எப்படியும் வெளியே வரப்போகிறவனுக்காக நான் எதற்குக் கழுத்தைக் கொடுக்க வேண்டும்? நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அ. ராஜகுரு.


சென்னை
16-7-1966

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும், நலம். இது இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிற கடிதம், ஒளித்து வைக்க வேண்டாம்.

அத்தான் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஜட்ஜ் நம் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவதில்லை. அவர் முன்னால் இருப்பது மூன்றே விஷயம். கண்ணால் பார்த்தேன் என்று ஒருவன் சொல்கிறான். குறி அவன் வீட்டுக் குறி என்று செல்லக்கிளி சொல்கிறாள். நான் வரும்போதே துண்டு கிடந்தது என்று ஊரில் மரியாதையுள்ள கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். நல்லகண்ணுவை யாரும் நம்பமாட்டார்கள். அத்தானை நம்புவார்கள். இதைவிடச் சொத்தையான கேஸில் ஆள் தூக்கில் தொங்கியதை இங்கே கட்டுக் கட்டாக எழுதி வைத்திருக்கிறோம். அந்தக் கட்டுகளைத் தூசி தட்டுவதுதான் என் வேலை.

நிற்காது, நிற்காது என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சு ஆளுக்கு ஆள் சும்மா இருப்பதற்கு ஒரு சாக்காகிவிட்டது. உங்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்குத் தெரிந்து இருபத்தாறு நாளாகிறது. வக்கீலய்யா தினமும், "அந்தத் துண்டு விஷயம் என்னப்பா ஆச்சு" என்று கேட்கிறார். பதில் வரவில்லை ஐயா என்று அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறேன்.

வீரபத்திரனுக்காக வாதாடுகிற மதுரை வக்கீலின் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நானாக யாரிடமும் சொல்லமாட்டேன். அதற்கு என்னை மன்னிப்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்துகொள்ளுங்கள்.

தம்பி.


பாலவனத்தம்
19-8-1966

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. உடம்புக்கு இங்கே யாருக்கும் குறையில்லை. உன் பல்லைப் பிடுங்கிவிட்டாயா?

வீரபத்திரன் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். உன் அத்தான் மேல் பொய்ச் சாட்சிக் கேஸ் போடச் சொல்லி உத்தரவாகியிருக்கிறது. ஜாமீனில் இருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வந்து சுவர்த் தகராறைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். வெட்டியது யார் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. கடைக்கு ஆள் வருவதில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

எட்டாம் தேதி உன் அத்தான் கூண்டில் ஏறி, முதலில் சொன்னதையே சொல்லிவிட்டு வந்தார்கள். செல்லக்கிளியும் சொன்னாள். மறுநாள் காலையில் அவள் அழுக்குத் துணி எடுக்க வந்தாள். துணியை எண்ணிப் போட்டுக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "குறி யாரு வீட்டுதுன்னு கேட்டாக, சொன்னேன். அதுல பொய் இல்ல. துண்டு யாரு வீட்டுல கெடந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. அதுலதான் ஒங்க வீட்டு வெளுத்த துணிய நான் மூட்ட கட்டிக் கொண்டாந்தேன். நாலு வீட்ட நம்பிப் பொழைக்கிறவ, நானா எப்படிச் சொல்லுவேன்? நீங்க சொல்லுவீகன்னுதான் தாயி நான் இத்தன நாளா இருந்தேன்."

நானும் அதைத்தான் நினைத்தேன் தம்பி. யாராவது சொல்லுவார்கள் என்று நானும்தான் இருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மூட்டையை அவிழ்த்தது நான். உன் அத்தான் துண்டு ஈரமாகக் கொடியில் கிடந்தது. "இதப் போட்டுட்டுப் போங்க" என்று அந்தப் பழைய துண்டை எடுத்து நீட்டியதும் நான்தான். ஐந்து மாதம் ஒரு கவளம் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

புதன்கிழமை காலையில் குளித்துவிட்டு, "நான் மதுரைக்குப் போறேன்" என்று சொன்னேன். உன் அத்தான் கல்லாப்பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கிளம்பும்போது பின்வாசலில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்கள். மதுரை வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ கொடுத்த விலாசத்தில் வக்கீலைப் பார்த்தேன். அன்று மத்தியானமே என்னைக் கூண்டில் ஏற்றினார். மூட்டை வந்ததில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் அவர் கேட்டார்.

"அந்தத் துண்ட கண்மாய்க்கரைக்குக் கொண்டு போனது யாரும்மா?"

"எங்க வீட்டுல உள்ளவுக."

"பேரு சொல்லணும்."

"பலசரக்குக் கட வச்சிருக்காக."

ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கடை ஆயிரம் பேர் வைத்திருக்கிறார்கள் அம்மா. பெயர் இல்லாமல் நான் எழுத முடியாது" என்றார். சர்க்கார் வக்கீல், புருஷன் பெயரே தெரியாத சாட்சியை எங்கே பிடித்தீர்கள் என்றார். கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். காட்டுவதற்கு அங்கே கடைப் பலகை இல்லை. சொல்லிக் கொடுக்கப் பெரியவள் இல்லை. பெயரைச் சொன்னால் அவர்கள் ஆயுசு குறையும் என்று நம் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாளே, அந்தப் பயம் வந்துவிட்டது. ஆயுசைப் பற்றி நினைத்ததும் எதிர்க் கூண்டில் நின்ற வீரபத்திரன் கண்ணில் பட்டான். எலும்பும் தோலுமாக இருந்தான். அவன் சிரிக்கவில்லை. கதவு ஓரத்தில் வெள்ளைத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கலியாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். ராஜகுரு என்றேன்.

பின்பெஞ்சில் இருந்த உன் அத்தான், கடையில் யாரோ கூப்பிட்டது போல, "இந்தா இருக்கேன்" என்று எழுந்து நின்றார்கள்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா தங்கம்மாள்.